புதுப்பிப்பு: மன்னார்குடி டீசல் எஸ்யூவி, போய் பாத்தாச்சு

மன்னார்குடி பக்கம் ஒரு 2020 பிஎஸ்6 (புது புகை கட்டுப்பாட்டு விதி) டீசல் எஸ்யூவி விலைக்கு வருது, வாங்கலாமான்னு கேட்டிருந்தேன்ல, நெறய பேர் டர்போவும் இன்ஜெக்டரும் பாக்க சொன்னீங்க. மெக்கானிக் அண்ணன கூட்டிட்டு போய்ட்டு வந்தேன்.

ஸ்டார்ட் பண்றப்ப வர்ற புகைய சரியா பாக்கணும்னா இன்ஜின் ஆறி இருக்கணும், அத முன்னாடியே சொல்லியிருந்தோம், போனா பானட் சுடுது. "இப்பதான் தம்பி கடத்தெரு போய்ட்டு வந்தேன்"ங்கிறாரு ஓனர். அண்ணன் பேசாம திண்ணைல ஒக்காந்துட்டாரு, ஆறுற வரைக்கும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணா நீலப்புகை இல்ல, ஆயில் மூடிய தொறந்தாலும் புகை குபுகுபுன்னு வரல, டர்போ ஓஸ்ல லேசா ஆயில் ஈரம், அது சகஜம்தான்னாரு.

மாட்டுனது டிபிஎஃப்ல, அதாவது டீசல் புகைல வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்ல. அந்த ஃபில்டர்ல சேர்ற கரி எரியணும்னா ஹைவேல கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல போகணும், ஓனர் வயலுக்கும் கடத்தெருவுக்கும் மட்டும் ஓட்டிருக்காரு, வாய்க்கா கரையில ரெண்டாவது கியர்ல போனா எங்க எரியும்? எரியுறப்ப பாதில ஆஃப் பண்ணிட்டே இருந்தா டீசல் ஆயில்ல கலந்துடும். ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்க எடுத்தா ஆயில் மேல் கோட்ட தாண்டி நிக்குது, டீசல் வாடை வேற. ஸ்கேனர் போட்டதும் அதேதான் சொல்லுச்சு.

நம்ம பக்கம் வாங்குறவங்க சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, வண்டல் கறை இருந்தா அது தண்ணில நின்ன வண்டி. நாகை, வேதாரண்யம் வண்டின்னா உப்புக்காத்து, அடியில படுத்து சேஸிஸ், பிரேக் பைப் துரு பாத்தே ஆகணும்.

வெலய கொறச்சா எடுக்கலாம்ங்கிறாரு அண்ணன், எனக்கு மனசில்ல. கும்பகோணத்துல ஒரு பிஎஸ்4 (முந்தின விதி) டீசல் வண்டி இருக்காம், அதுல பெரும்பாலும் டிபிஎஃப் தொல்லையே கெடையாது, அடுத்து அதத்தான் பாக்கப் போறோம்.