மிஸ்டர் ஃப்ரீஸ் தலைக்கூண்டு எங்கே கிடைக்கும்?

ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். பள்ளி மாறுவேடப் போட்டிக்கு என் மகனுக்கு பேட்மேன் வேண்டாமாம், பேட்மேன் கதையில் வரும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ்தான் வேண்டுமாம். 1992-ல் வந்த 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' கார்ட்டூன் எபிசோடை நான் போட்டுக் காட்டிய வினை. நோயாளி மனைவி நோராவை உறையவைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார் விஞ்ஞானியான ஃப்ரீஸ். முதலாளி புகுந்து ஆராய்ச்சியை நிறுத்த, விபத்தாகி, குளிரில் மட்டுமே வாழ முடியும் என்றாகிவிடுகிறது. வில்லனுக்காக அழுதது மகன் இல்லை, நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐஸுக்குக் காசிமேட்டில் பஞ்சமில்லை. தலையில் கவிழ்க்க உருண்டையான, லேசான பிளாஸ்டிக் கூண்டுதான் வேண்டும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பார்த்தேன், எல்லாம் கண்ணாடி, கனம். அப்புறம், எபிசோடில் அவர் வைத்திருப்பது போல, உள்ளே நடன பொம்மை இருக்கும் பனி உருண்டை பாரிமுனையில் எங்கே கிடைக்கும்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.