ஸ்லைடருக்குத் தமிழில் ‘நகர்த்தி’ பொருந்துமா? (மறுமொழி)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் நான் கற்பிக்கும் தமிழ்வழிப் பள்ளியின் எட்டாம் வகுப்புக் கணினிப் பாடத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்பதால், ஸ்லைடரை, அதாவது திரையில் குமிழை இழுத்து அளவை மாற்றும் பட்டையை, ‘நகர்த்தி’ எனலாமா என்று குழுவில் எழுந்த கேள்விக்கு என் கருத்தை இன்றே எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் உருவாக்கும் வலைச்செயலியில் நிலப்பரப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்லைடர் உள்ளது. நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் அது 0 முதல் 100 வரை ஒவ்வொன்றாக நகரும். தொடக்கத்தில் 50இல் நிற்கும். ஏக்கருக்கு 100 சென்ட் என்று கணக்கிடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்துவிட்டது. எல்லைகளையும் படியையும் நிறத்தையும் அவர்களே மாற்றிப் பார்க்கிறார்கள். பெயரில்தான் இடறுகிறார்கள்.

“நகர்த்தி நிறத்தை மாற்றுக” என்று வரைவில் எழுதியிருந்தேன். ஒரு மாணவி குமிழைப் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இழுத்துவிட்டு, “டீச்சர், நகர்த்திட்டேன், நிறம் மாறலையே” என்றாள். பெயரை அவள் ‘நகர்த்திவிட்டு’ என்று வினையெச்சமாகப் படித்திருக்கிறாள், தவறு அவளுடையதன்று. மண்வெட்டியும் பாக்குவெட்டியும் இவ்வாறு அமைந்தவையே என்று செங்கோட்டை நண்பர் எழுதியிருந்தார். அவற்றில் முன்நிற்கும் மண்ணும் பாக்கும் சொல்லைப் பெயராக்கிவிடுகின்றன. ‘நகர்த்தி’க்கு அந்தத் துணை இல்லை. வலைத்தளங்களைத் திறக்கும் ‘உலவி’க்கும் இல்லையே என்று அவர் கேட்பது நியாயம். ஆனால் உலவுதல் நம் அன்றாடப் பேச்சில் அரிது, நகர்த்துதல் பாடத்தாளின் ஒவ்வொரு வரியிலும் வருகிறது.

கொழிஞ்சாம்பாறை ஐயா, குறளின் துறவு அதிகாரத்தில் வரும் ‘நீங்கியான்’ வரை சென்று, ‘நீக்கி’ என்பதை முன்வைக்கிறார். மலையாளத்தில் நீக்குதல் நகர்த்துதலையும் குறிக்கும் என்பது உண்மை. வீதியில் அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குப் பழகியதும்கூட. ஆயினும் திரையில் ‘நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தினால் செய்த வேலை அழிந்துவிடும். அளவை மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் ஒரே வேரை வைக்க என் மனம் இசையவில்லை. ‘சறுக்கி’யும் வேண்டாம், ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் தவறுதலே முன்நிற்கும்.

தள்ளுவண்டியைப் போல ‘தள்ளுகுமிழ்’ என்பதே என் முன்மொழிவு. வினைத்தொகையாதலால் எச்ச மயக்கம் இல்லை. கேட்டவுடன் கை எங்கே போக வேண்டும் என்பதும் தெரிகிறது. குமிழ் ஓர் உறுப்பு மட்டுமே, அது ஓடும் தடத்தை இச்சொல் விட்டுவிடுகிறது என்ற மறுப்பை ஏற்கிறேன். அம்புக்குறி விசைகளாலும் நகர்வதைத் ‘தள்ளு’ என்னலாமா என்ற கேள்விக்கும் என்னிடம் முழு விடை இல்லை.

பெரும்பான்மையோர் ‘நகர்த்தி’ என்றே எழுதியிருப்பதால் இந்த அச்சில் அதையே வைக்கிறேன். உடன்பாட்டால் அல்ல, நாள் இல்லாமையால். வேற்றுமை உருபு இல்லாமல் அச்சொல்லை எந்த வரியிலும் தனித்து நிற்கவிடவில்லை. அந்தப் பயிற்சி இப்போது “நகர்த்தியின் நிறத்தை மாற்றுக” என்று இருக்கிறது.