வில்லெம்ஸ்டாட்: பாலம் திறந்துவிட்டால் சக்கர நாற்காலியோடு அக்கரைக்கு எப்படி?

வணக்கம் மக்களே. ஜனவரியில் கரீபியன் கப்பல் பயணம். குராசாவ் தீவின் வில்லெம்ஸ்டாட்டில் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும், 4.30க்குள் ஏறியாக வேண்டும். கூட வருவது அம்மா, வயது 71, முட்டி தேய்மானம். கையால் தள்ளும் மடக்கு நாற்காலி, அகலம் 24 அங்குலம்.

நகரை ஒரு நீர்வழி இரண்டாகப் பிரிக்கிறது; கப்பல் நிற்பது அதன் ஒரு கரையான ஓட்ரோபாண்டா பக்கம். ரிஃப் கோட்டையைத் தாண்டி நடந்தால் 1888ல் கட்டிய குயின் எம்மா மிதக்கும் பாலம். அக்கரையில் புண்டா. அங்கே தரையெல்லாம் மணல் பரப்பிய 1732ஆம் வருட யூத ஆலயத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார் அம்மா.

சிக்கல் பாலம்தான். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் மொத்தப் பாலமும் ஒரு பக்கமாக விலகிவிடும். பாலத்தில் ஆரஞ்சுக் கொடி ஏறினால் சீக்கிரம் மறுபடி இணைந்துவிடுமாம், நீலம் என்றால் நேரமாகும். அதுவரை இலவச ஃபெர்ரிதான் வழி.

கப்பல் கம்பெனியிடம் கேட்டேன், பஸ் டூர் வாங்கச் சொல்கிறார்கள் (வேறென்ன சொல்வார்கள்!). உள்ளூர் ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை. யூடியூபில் எல்லோரும் புண்டா கரையோரத் தெருவான ஹண்டெல்ஸ்காடேயின் மஞ்சள், நீலக் கட்டடங்களையே காட்டுகிறார்கள். ஃபெர்ரி ஏறுமிடம் தூரத்தில் ஒரு நொடி வந்து போகிறது. டாக்ஸியில், வண்டிகள் போகும் உயரமான ஜூலியானா பாலம் வழியே சுற்றிப் போகலாம், ஆனால் 4 மணிக்கு நீலக்கொடி ஏறி, டாக்ஸியும் கிடைக்காவிட்டால்?

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: அந்த ஃபெர்ரியில் ஆளை இறக்காமல் சக்கர நாற்காலியை அப்படியே தள்ளி ஏற்ற முடியுமா, இல்லை படி இருக்கிறதா?