பெருங்குடல் ஆபரேஷனுக்கு நாலு வாரம் இருக்கு. அதுவரை வீட்டில் என்னென்ன பார்த்துக்கணும்?

தாழ்வாரம் எழுதியது:

அம்மாவுக்கு வயது 61, எடை 58 கிலோ. சிக்மாய்டு பெருங்குடலில் (மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள பகுதி) கட்டி; பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கொலனோஸ்கோப் (பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா குழாய்) கட்டியைத் தாண்டிப் போகவில்லை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. சி.டி.யில் வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியாக) ஆபரேஷன், தேதி நாலு வாரம் கழித்து. ஸ்டோமா (வயிற்றில் திறப்பு வைத்து மலத்தைப் பையில் சேர்ப்பது) வைக்க வேண்டி வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.4. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின். இதயத்துக்கு ஆஸ்பிரின் 75.

மலச்சிக்கல் இருப்பதால் நார்ச்சத்தைக் கூட்டலாமா? நாலு வாரத்தில் ரத்தம் ஏறுமா? எந்த மாத்திரையை எப்போது நிறுத்தணும்? பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அசையாமல் படுத்திரு" என்கிறார்கள், அது சரியா?

உப்புக்கல் எழுதியது:

முதலில் அந்த ரிப்போர்ட் வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் தாண்டவில்லை என்றால் குடல் அந்த இடத்தில் ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். சாதாரண மலச்சிக்கலுக்குச் சொல்கிற வைத்தியம் இங்கே ஆகாது. தவிடு, இசப்கோல், தோல், விதை, நார் நாராக வரும் காய் எல்லாம் ஒடுங்கிய இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். நன்றாக வெந்த, மசித்த, சக்கை குறைந்த சாப்பாடுதான் இப்போதைக்கு. குடலை முறுக்கித் தள்ளுகிற பேதி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மலத்தை இளக்குகிற மருந்து வேண்டுமா என்பதை சர்ஜனே சொல்லட்டும்.

வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போய்விடணும்.

சாப்பாட்டில் முக்கியம் புரதம். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. 58 கிலோவுக்கு 70 முதல் 87 கிராம் வரும். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) கூடுதலாக இருந்தால் இந்த அளவைக் கேட்டுவிட்டுத்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மி.லி. பாலிலும் கிட்டத்தட்ட அதே. ஆக ஒரு வேளையில் மொத்தமாக முடிக்க முடியாது, ஐந்தாறு வேளையாகப் பிரிக்கணும். பசி இல்லாதவர்கள் முதலில் ரசத்தையும் கஞ்சித் தண்ணியையும் குடித்து வயிற்றை நிரப்பிவிடுவார்கள். தட்டில் இருக்கும் புரதம் முதலில் உள்ளே போகட்டும்.

வாரம் ஒரு நாள், காலையில், ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அம்மாவுக்கு ஏறக்குறைய 3 கிலோ, தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் சொல்லணும்.

ரத்தம் பற்றி: கட்டியிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும்போது இரும்பு மாத்திரை மட்டும் நாலு வாரத்தில் பெரிதாக ஏற்றாது. ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டு, நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாமா என்று இந்த வாரமே கேளுங்கள். அது வேலை செய்யவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கடைசி வாரத்தில் கேட்டால் பாதிப் பயன் போய்விடும். மாத்திரைதான் என்றால் டீ, காபி, பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுத்துப் போகும், அது மாத்திரையின் நிறம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாகக் கெட்ட நாற்றத்தோடு போனால் அதை மாத்திரை மேல் போடாதீர்கள், டாக்டருக்குத் தெரியணும்.

மருந்துச்சீட்டு எழுதியது:

மாத்திரை விஷயத்துல நான் முதல்ல பார்க்குறது டாபாகிளிஃப்ளோசின். அந்த வகை மாத்திரையை ஆபரேஷனுக்குக் குறைஞ்சது 3 நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க. காரணம், சாப்பிடாம இருக்கும்போது இது உடம்புல கீட்டோன் அமிலத்தை ஏத்திவிடும். மோசம் என்னன்னா அப்போ மீட்டர்ல சர்க்கரை நார்மலாவே காட்டும். குமட்டல், வயித்து வலி, மூச்சு வாங்குறது வந்தா யாருக்கும் சர்க்கரை மேல சந்தேகம் வராது. குடல் சுத்தம் பண்ண மருந்து குடிக்கிற நாளும் பட்டினி நாள்தான், அதையும் கணக்குல வைங்க. நிறுத்துற தேதியை அனஸ்தீசியா டாக்டர் கையால எழுதி வாங்கிடுங்க, பதிலுக்கு வேற மருந்து வேணுமான்னும் கேளுங்க. மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் அன்னிக்குக் காலையில மட்டும் விடச் சொல்வாங்க.

ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க. இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் (வலைக்குழாய்) இருக்கா, எப்போ வெச்சாங்கங்கிறதைப் பொறுத்து இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு பண்ணணும். நிறைய பேருக்குத் தொடரவே சொல்வாங்க. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற குளோபிடோக்ரல் மாத்திரையும் இருந்தா அது வேற கணக்கு.

யாரும் கேட்காததால விட்டுப்போறது: மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, மூலிகைப் பொடி, லேகியம். ரத்தப்போக்கைக் கூட்டுறது இதுல பலது உண்டு. டப்பாவோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, பேர் சொன்னா போதாது.

இன்னொண்ணு, இரும்புச்சத்துக் குறைவு இருக்கும்போது ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை) உண்மையைவிடக் கூடுதலாக் காட்டலாம். அதைப் பார்த்து மருந்தை ஏத்திடாம, வீட்டு மீட்டர்ல காலை வெறும் வயித்துலயும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சும் பார்த்து நோட்டுல எழுதி வைங்க.

தாழ்வாரம் எழுதியது:

ரொம்ப நன்றி. மூன்று பந்து உள்ள ஊதும் கருவி ஒன்று வாங்கச் சொன்னார்கள். அம்மா ஊதிப் பார்க்கிறார், பந்து எழும்பவே இல்லை.

மூச்சுப்பயிற்சி எழுதியது:

ஊதினால் எழும்பாது, அது உறிஞ்சும் கருவி. "ஊதுற மிஷின்" என்று பேர் வந்துவிட்டதால் பாதிப் பேர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதடு மூடிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கணும். மூன்று பந்தும் படபடவென்று குதித்தால் வேகமாக இழுக்கிறார் என்று அர்த்தம், அதில் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. ஒன்றிரண்டு பந்து 3 முதல் 5 விநாடி மேலேயே நிற்கணும். பிறகு குழாயை எடுத்துவிட்டு மூச்சை விடட்டும். ஒரு தடவைக்குப் பத்து மூச்சு, நாளைக்கு நாலைந்து தடவை போதும். தலை சுற்றினால் இடைவெளி போதவில்லை.

தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுவதையும், ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றி எழுவதையும் இப்போதே பழக்குங்கள். தையல் வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

படுத்தே இருப்பது சரியில்லை. தசை சீக்கிரம் கரையும், புற்றுநோய் இருக்கும்போது காலில் ரத்தம் உறையும் அபாயமும் கூடுதல். 10 நிமிட நடையில் தொடங்கி 30 நிமிடம் வரை கொண்டுபோகலாம். பேச முடியணும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும், அதுதான் வேகம். கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, பத்துப் பத்தாக மூன்று தடவை. ஹீமோகுளோபின் 9.4 என்பதால் நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டுவது வந்தால் உடனே நிறுத்தி, டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் தேய்த்துவிடாதீர்கள், அன்றே காட்டணும்.

இரவுப்பணி எழுதியது:

தேதி தள்ளிப்போகிற காரணங்களைச் சொல்கிறேன். சளி, காய்ச்சல், ஏறிய சர்க்கரை, நிறுத்த வேண்டிய மாத்திரையை நிறுத்தாதது, அன்று காலை "ஒரு வாய் பால்தானே" என்று குடித்தது. பாலும் சாப்பாட்டுக் கணக்குதான். பொதுவான விதி திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம். நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் குடல் ஒடுங்கியவர்களுக்கும் இதை மாற்றிச் சொல்வார்கள், அவர்கள் சொல்வதுதான் கணக்கு. சளி பிடித்தால் மறைக்காமல் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரம் இருமலோடு வருகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பினாலும் தப்பில்லை.

வயிற்று முடியை வீட்டில் ரேசரால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகத்தான் தொற்று நுழைகிறது. தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள். ஆடும் பல், கழற்றும் பல் செட் இருந்தால் அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்டோமா வரலாம் என்றால், வயிற்றில் இடம் குறித்துவிட்டார்களா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்து, மடிப்பும் தழும்பும் இடுப்பில் துணி கட்டும் கோடும் இல்லாத இடமாக, அம்மா கண்ணால் பார்க்கிற இடமாக இருக்கணும். இடம் தவறினால் பை ஒட்டாமல் கசியும், சுற்றிலும் தோல் வெந்துபோகும். குறிக்கப் போகும்போது தினமும் உடுத்துகிற உடையிலேயே அழைத்துப் போங்கள். மார்க்கர் கோடு குளிக்கும்போது அழியத் தொடங்கினால் நீங்களாக மேலே வரையாமல் அவர்களுக்குச் சொல்லுங்கள்.