எட்டுக் கம்பெனி, ஒரே ஹேங்கர்: இந்தியன் ஏர்லைன்ஸ் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?

பேகம்பேட்டை மகன்:

அப்பாவின் டூல் பாக்ஸ் இன்னும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. கனமான இரும்புப் பெட்டி, சாம்பல் நிறப் பெயின்ட், மூடியில் வெள்ளை எழுத்தில் ஐஏசி என்று ஸ்டென்சில் வைத்து அடித்திருக்கும். இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன். ஆனால் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அந்தப் பெயின்டுக்கு அடியில் வேறு எழுத்துகள் லேசாகப் புடைத்துத் தெரியும். விரலால் தடவிப் படித்துவிடலாம்: டெக்கான் ஏர்வேஸ்.

அப்பா 1950ல் ஹைதராபாத் பேகம்பேட்டையில் டெக்கான் ஏர்வேஸில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். நிஜாம் அரசும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. மூன்று வருஷத்தில் நாடாளுமன்றம் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலையில் அவர் வேலைக்குப் போனபோது முதலாளி அரசாங்கம். டெக்கான் ஏர்வேஸ், பிர்லாவின் பாரத் ஏர்வேஸ், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ், ஹிமாலயன் ஏவியேஷன், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா, அப்புறம் ஏர் இந்தியாவின் உள்நாட்டுப் பிரிவு என்று எட்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே நிறுவனமாக்கினார்கள். வெளிநாட்டுச் சேவைக்கு மட்டும் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தனியாக நின்றது.

இத்தனை கம்பெனி எங்கிருந்து முளைத்தது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப் போன டகோட்டா விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன, கையில் பணம் இருந்தவர்கள் வாங்கி ஆளுக்கொரு லைசென்ஸ் எடுத்தார்கள், பறப்பதற்கு விமானம் இருந்த அளவுக்கு ஏறுவதற்கு ஆள் இல்லை, எல்லோருக்கும் நஷ்டம். அவ்வளவுதான் கதை. புது நிறுவனத்தின் கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டா.

அந்த 74தான் விஷயமே என்பார் அப்பா. மெட்ராஸுக்கு மாற்றலாகி வந்தபோது மீனம்பாக்கம் ஹேங்கரில் ஒரே ஷிப்டில் கலிங்காக்காரர், பாரத்காரர், டாடாக்காரர் எல்லாரும் நின்றிருக்கிறார்கள். எட்டு விதச் சம்பளம், எட்டு சீனியாரிட்டி பட்டியல், யார் யாருக்கு மூத்தவர் என்பதே பல வருஷம் பேச்சு. ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் அதே பிராட் அண்ட் விட்னி, அதே பதினாலு சிலிண்டர். "ஒருத்தன் கழட்டினதை இன்னொருத்தன் மாட்டலாம், அதனாலதான்டா நாங்க ஒண்ணானோம்" என்பார். இதை அவர் சொல்லாத தீபாவளி கிடையாது.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் இதைப்பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். எழுதுங்கள்.

ஆர்எம்எஸ் பேரன்:

அண்ணா, எங்கள் தாத்தா மெட்ராஸ் ஆர்எம்எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டர். நீங்கள் சொன்ன அதே டகோட்டாவுக்குத்தான் அவர் மூட்டை கட்டினார்.

ராத்திரி ஏர்மெயில் என்று ஒன்று இருந்தது, இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பம்பாய், கல்கத்தா, டெல்லி, மெட்ராஸ் நான்கு ஊரிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நடுராத்திரி தாண்டி நாக்பூரில் இறங்கும். அங்கே தபால் மூட்டைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். 1949ல் தனியார் கம்பெனிகள் தொடங்கியது, 1953க்குப் பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ் எடுத்து நடத்தியது. சாயங்காலம் மெட்ராஸில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில் பிரிக்கப்படும்.

தாத்தாவுக்கு அது பெரிய பெருமை. கடைசி மூட்டையை அரக்கு முத்திரை வைத்து லாரியில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம். நாங்கள் மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது ஏதாவது விமானச் சத்தம் கேட்டால், அந்தச் சேவை நின்று வெகுகாலம் ஆன பிறகும்கூட, "நாக்பூர் போகுது" என்பார். ஒரு முறைகூட அவர் விமானத்தில் ஏறியதில்லை.

முதல் டிக்கெட் 1979:

நான் ஹேங்கர் ஆள் இல்லை, வெறும் பயணி. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1979ல் அண்ணன் டெல்லியில் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்திருந்தார், ரயிலில் இரண்டு நாள் தாங்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னதால் விமானம். மெட்ராஸிலிருந்து ஏர்பஸ் ஏ300. இந்தியன் ஏர்லைன்ஸ் அதை வாங்கி மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அவ்வளவு அகலமான விமானத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. டிக்கெட் என்பது ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு தாளின் பின்புறமும் சிவப்பாகக் கார்பன் பூசியிருக்கும், கை வியர்த்தால் விரலெல்லாம் சிவப்பாகிவிடும். அம்மா அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு ரத்தமோ என்று பயந்துவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் பணிப்பெண் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். அதில் மிட்டாய், சோம்பு, அப்புறம் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு. அம்மா மிட்டாயைக் காதுக்கும் பஞ்சை வாய்க்குமாக யோசித்துக்கொண்டு தயங்கியதைப் பார்த்து, அந்தப் பெண் சிரிக்காமல், பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, "மிட்டாயை வாயில போட்டுக்கோங்கம்மா, மேல ஏறும்போது முழுங்கிக்கிட்டே இருந்தா காது அடைக்காது" என்று தமிழில் சொல்லி, தானே பஞ்சை உருட்டிக் காதில் வைத்துவிட்டார். பெல்ட்டையும் தளர்த்திப் போட்டுவிட்டார், வயிற்றில் வலி என்று சொல்லாமலே அவருக்குப் புரிந்திருந்தது. அம்மா அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தார்கள். டெல்லி டாக்டரைவிட அந்தப் பெண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

வால் பக்கத்தில் இருந்த அந்த ஆரஞ்சு நிற அடையாளத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் பஞ்சு உருண்டைதான் நினைவுக்கு வரும்.

அகத்தி போனவன்:

வாயுதூத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 1981ல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. ரயில் போகாத, ரோடு சரியில்லாத ஊர்களுக்கு விமானம் விடுவதற்கென்று, முக்கியமாக வடகிழக்குக்காக ஆரம்பித்தார்கள். எண்பதுகளின் கடைசியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவு அகத்திக்கு வேலை விஷயமாகப் போனேன். டோர்னியர் 228, பத்தொன்பது சீட்டு, கான்பூரில் எச்ஏஎல் என்ற அரசு விமானத் தொழிற்சாலை செய்தது. பைலட் இரண்டு பேரும் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முன்கண்ணாடி வழியாக நாமும் பார்க்கலாம். வெறும் நீலம், நீலம், அப்புறம் திடீரென்று பச்சைத் தண்ணீருக்கு நடுவில் தீக்குச்சி மாதிரி ஒரு ஓடுபாதை. இந்த முனையிலும் கடல், அந்த முனையிலும் கடல். இறங்கியதும் பைலட் திரும்பிப் பார்த்து எல்லோருக்கும் கையாட்டினார்.

வாயுதூத் நிலைக்கவில்லை. 1993ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்துவிட்டார்கள். மறு வருஷம் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டத்தையே ரத்து செய்து, தனியார் வழக்கமான விமானச் சேவை நடத்தலாம் என்றாகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூடிய கதவைத் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

காமராஜர் டெர்மினல்:

முப்பது வருஷம் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரிலும் கேட்டிலும் நின்றவன் நான். பேகம்பேட்டை மகன் எழுதியதில் அப்பா சொன்ன வார்த்தையைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2007ல் நடந்தது ஏன் அப்படி நடந்தது என்று அதில் பதில் இருக்கிறது.

சென்னையில் எங்களுக்குக் காமராஜர் உள்நாட்டு முனையம், ஏர் இந்தியாவுக்கு அண்ணா பன்னாட்டு முனையம். நடந்தால் சில நிமிஷம். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்களை எனக்கு முகம் தெரியாது. 2005 டிசம்பரில்தான் எங்கள் பெயரை வெறும் இந்தியன் என்று மாற்றி, வாலில் கோனார்க் சக்கரத்தை வைத்தார்கள். இரண்டு வருஷம்கூட முடியவில்லை, 2007 ஆகஸ்ட்டில் இரண்டையும் நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆஃப் இந்தியா, சுருக்கமாக நாசில் என்று ஒரே கம்பெனியாக்கினார்கள். சக்கரத்தை அன்னப்பறவைக்குள் வைத்துப் புது அடையாளம். படம் வரைவது எளிது, ஐயா. எங்களிடம் இருந்ததெல்லாம் பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 வகை. அவர்களிடம் பெரும்பாலும் போயிங் 747, 777. பைலட்டும் சரி, இன்ஜினியரும் சரி, எந்த ரக விமானத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதோ அதை மட்டும்தான் தொடலாம். ஒருவர் கழற்றியதை இன்னொருவர் மாட்ட வழியே இல்லை. உங்கள் அப்பா காலத்து டகோட்டா எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சம்பள விகிதம், படி, பதவி உயர்வு எல்லாம் இரண்டு விதம். 2011ல் எங்கள் பக்கத்துப் பைலட்டுகள் சமச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம். 2012ல் அவர்கள் பக்கத்துப் பைலட்டுகள், புதிதாக வரவிருந்த போயிங் ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சியை எங்களவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்று 58 நாள் வேலைநிறுத்தம். நீதிபதி தர்மாதிகாரி கமிட்டி அமைத்து, யாரை எந்தப் படிக்கட்டில் நிற்கவைப்பது என்று பரிந்துரை வாங்கினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரே மாதிரி வேலைக்கு ஒரே மாதிரி கூலி கேட்பது தப்பா? இருபது வருஷம் காத்திருந்த வரிசையில் வேறு வரிசையிலிருந்து ஆள் வந்து நின்றால் வயிறு எரியாதா?

எனக்கு எது வலித்தது என்றால் அந்த எழுத்து போனதுதான். 2011 பிப்ரவரி 27 முதல் எங்கள் விமான எண்களுக்கு முன்னால் வரும் ஐசி என்ற கோடு கிடையாது, எல்லாம் ஏர் இந்தியாவின் ஏஐ. முந்தின நாள் ராத்திரி ஷிப்டில் நான் இருந்தேன். லக்கேஜில் கட்டும் சீட்டில் ஐசி என்று அச்சாகி வரும். கடைசி விமானத்துக்குச் செக்-இன் முடிந்ததும் பக்கத்து கவுன்டரில் இருந்த அம்மா, அவர் எனக்கு ஆறு வருஷம் சீனியர், காலியாக ஒரு டேக் அச்சடித்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மைக்கில் அறிவிப்புச் சொல்லும்போது அவர் வாயில் ஐசி என்றுதான் வந்தது. உடனே திருத்திச் சொன்னார். அடுத்த அறிவிப்பிலும் அப்படியே வந்தது.

ஆர்எம்எஸ் பேரன்:

ஐயா, இதைப் படித்த பிறகு இன்னொன்று சொல்ல வேண்டும். 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார் இல்லையா, அந்தத் தபால் பம்பாயோடு முடியவில்லை. அங்கிருந்து நெவில் வின்சென்ட் எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். பின்னால் ஏர் இந்தியாவாக மாறிய அந்த டாடா சேவையின் முதல் பயணம் முடிந்த ஊர் நம் ஊர்தான். தாத்தா இதையும் சொல்லுவார்.

பேகம்பேட்டை மகன்:

எல்லோருக்கும் நன்றி. காமராஜர் டெர்மினல் ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன்.

2022 ஜனவரி 27ல் ஏர் இந்தியா டாடா கைக்குத் திரும்பப் போனபோது, டெக்கான் ஏர்வேஸில் டாடாவுக்கும் பங்கு இருந்ததே, அப்பா மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டார் என்று எனக்கொரு நினைப்பு. அதன்பிறகு 2024 நவம்பர் 12ல் டாடாவுக்குப் பங்கு இருந்த இன்னொரு விமான நிறுவனமான விஸ்தாராவையும் ஏர் இந்தியாவோடு சேர்த்தார்கள். என் அக்கா மகள் விஸ்தாராவில் கேபின் க்ரூ. யுகே என்று தொடங்கிய விமான எண்களெல்லாம் ஏஐ இரண்டாயிரம் வரிசைக்கு மாறின. பொங்கலுக்கு வந்தபோது, "முன்னாடி எந்த ஏர்லைன்னு இப்பவும் கேட்டுக்கறோம் மாமா, சண்டைக்கு இல்ல, சும்மா தெரிஞ்சுக்க" என்றாள்.

அவளை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்து மூடியின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். "தாத்தா ஏன் மாமா இதைச் சுரண்டிட்டுப் பெயின்ட் அடிக்கல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவசரத்தில் விட்டாரோ, வேண்டுமென்றே விட்டாரோ. உள்ளே திருப்புளிகளும் ஸ்பேனர்களும் அவர் வைத்த வரிசையில்தான் இருக்கின்றன, ஒரு ஸ்பேனரின் கைப்பிடியில் அவர் சுற்றிய துணி நாடா இன்னும் அவிழவில்லை.

படம் போடச் சொல்லித் தனியாக இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மத்தியானம் எடுத்துப் பார்த்தேன், ஐஏசி மட்டும்தான் விழுகிறது. நாளைக்குக் காலையில் ஏழு மணி வெயிலில் எடுத்துப் போடுகிறேன்.