தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரும்புச் சத்துக் குறைவு: உங்களுக்கும் நடந்ததா?

அரைத்தூக்கம்

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் நடந்தது. என் மகள் கொழுகொழுவென்று இருப்பாள், எடையில் ஒரு குறையும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். அப்புறம் திட உணவு ஆரம்பித்தோம், அதுவும் பெயருக்குத்தான். இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவதைத் தட்டிவிட்டு என் மேல் ஏறிப் பால் தேடுவாள்.

ஊசி போட வந்த செவிலியர் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மருத்துவரைக் கூப்பிட்டார். இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. "உங்க பால்ல சத்து இல்லம்மா" என்றார் மருத்துவர், எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

கீழே வரும்போது லிஃப்டில் இருந்த கண்ணாடியில் என் இமையை இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. அவளுடையதை இழுத்தேன். வெளுத்துக் கிடந்தது. கூட வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சொட்டு மருந்து கொடுத்தோம், ஏறிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த மருத்துவர் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. என் பாலில்தான் குறையா?

சொட்டுக்குழல்

இல்லை. யார் பாலை எடுத்துப் பார்த்தாலும் இரும்பு கொஞ்சம்தான். லிட்டருக்கு 0.3, 0.4 மில்லிகிராம் இருந்தால் அதிகம். நீங்கள் மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது பெரிதாக மாறாது. தாய்ப்பாலில் இருக்கிற இரும்பில் ஏறக்குறைய பாதியைக் குழந்தையின் உடம்பு எடுத்துக்கொள்கிறது, வயிற்றில் இருந்த கடைசி மூன்று மாதத்தில் சேர்த்துக்கொண்டு வந்த இருப்பும் கையில் இருக்கிறது. அதனால்தான் முதல் ஆறு மாதம் ஓடுகிறது. அப்புறம் இருப்பு தீரும். பிள்ளை வேகமாக வளர்ந்தால் சீக்கிரமே தீரும். கொழுகொழுவென்று இருப்பதால் இரும்பு போதுமானது என்று அர்த்தம் இல்லை.

என் கதை வேறு. மகன் 33 வாரத்தில் பிறந்தான், அந்த இருப்பைச் சேர்க்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு மாதம் ஆனதுமே கிலோவுக்கு 2 மில்லிகிராம் இரும்பு கொடுக்கச் சொன்னார்கள். முதல் புட்டி தீர்ந்ததும் கடையில் வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்தார்கள். ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் இரண்டு புட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். பழையதில் 1 மில்லிக்கு 10 என்று போட்டிருக்கிறது. புதியதில் பெரிய எழுத்தில் 75. "ஏழு மடங்கு வீரியம்டி, ரெண்டு சொட்டு போதும்" என்கிறார் கணவர். கீழே பொடி எழுத்தில் இருந்ததை நான்தான் படித்தேன். 75 என்பது ஃபெரஸ் சல்பேட் உப்பின் எடை, அதில் இரும்பு 15தான். 3 கிலோ பிள்ளைக்கு 0.4 மில்லி கொடுக்க வேண்டும். அதை இரண்டு சொட்டாக்கியிருந்தால் மருந்து கொடுத்த மாதிரியே இருந்திருக்காது. குழந்தை மருந்துப் புட்டியில் யார் இப்படி அச்சடிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

வாசல்படி

இமையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். என் பையன் வெளுக்கவே இல்லை.

பதினோராம் மாதம். கையில் இருந்த சாவியை வாங்கினேன், அவ்வளவுதான். அழ வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே இருக்கிறது, உதடு நீலமாகிறது, அப்புறம் உடம்பு துவண்டு என் கையில் தொங்குகிறது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூச்சு வந்துவிட்டது. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் எல்லோரும் பிடிவாதம் என்றார்கள், செல்லம் கொடுத்தது என்றார்கள். மருத்துவர்தான், "வலிப்பு இல்லை, அழும்போது மூச்சு நின்றுபோவது சில குழந்தைகளுக்கு வரும், ஆனால் இரும்பைப் பார்த்துவிடலாம்" என்றார். ஹீமோகுளோபின் 10.8, பயப்படும்படி இல்லை. உடம்பில் சேர்த்துவைத்த இரும்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின்தான் 6. ஐந்து வயதுக்குள் 12க்குக் கீழே போனாலே சேமிப்பு காலி என்று அர்த்தமாம். மருந்து ஆரம்பித்த பிறகு அது வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால் இன்னும் பிடிவாதக்காரன் பட்டத்தோடு இருந்திருப்பான்.

மூன்றுபிள்ளைபெற்றவள்

நான் மூன்று பேரை வளர்த்தேன், ஒருத்திக்குத்தான் கொஞ்சம் குறைந்தது, சாப்பாட்டிலேயே சரி செய்தேன். அதனால் சொல்கிறேன், எல்லோரும் மருந்துப் புட்டியையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

ஆறு மாதம் ஆனதும் முதலில் மாவும் பழமும் என்று ஆரம்பிப்பதை விடுங்கள். இறைச்சி சாப்பிடும் வீடு என்றால் முதல் வாரத்திலேயே நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள், அதில் இருக்கும் இரும்புதான் உடம்பில் சுலபமாக ஒட்டும். ஈரல் நல்லது, ஆனால் வைட்டமின் ஏ அதிகம், தினமும் வேண்டாம். சைவம் என்றால் பருப்பு, பயறு, கீரை. அதோடு வைட்டமின் சி உள்ள பழம் ஏதாவது அதே வேளையில் போக வேண்டும், மாலையில் தனியாகக் கொடுத்தால் பலன் இல்லை. பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைத் தடுக்கிற ஃபைட்டேட் குறையும். இரும்பு சேர்த்த குழந்தை உணவு என்றால் உறையில் அளவைப் பாருங்கள். தேநீர் ஒரு வாய்கூடக் கூடாது, சில வீட்டில் தாத்தா மடியில் வைத்து ஊட்டுவார், பார்த்திருக்கிறேன். ஒரு வயது வரை மாட்டுப்பாலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். அதில் இரும்பும் ரொம்பக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியவும் வைக்கும். ஒரு வயதுக்கு மேலேயும் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், வயிறு நிறைந்தால் சாப்பாடு எங்கே இறங்கும்? அரைத்தூக்கம், உங்கள் மகள் மூன்றாவது வாயைத் தட்டினால் நான்காவதை நீட்டுங்கள். பசியோடு இருக்கும்போது முதலில் உணவு, பிறகு பால். இதெல்லாம் செய்தால் மருந்தே வேண்டாம்.

சொட்டுக்குழல்

@மூன்றுபிள்ளைபெற்றவள், கடைசி வரி வரை தலையாட்டிக்கொண்டு வந்தேன். "மருந்தே வேண்டாம்" என்பது ஆபத்து. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு அமெரிக்கக் கணக்கில் நாளுக்கு 11 மில்லிகிராம் வேண்டும். இரண்டு வாய் கீரையில் அது வராது, கீரை இரும்பு உறிஞ்சப்படுவதும் குறைவு. 33 வாரத்துக் குழந்தைக்கு ஒரு மாதத்தில் நான் எந்த இறைச்சியை மசிப்பது? ஏற்கெனவே 8.9க்கு இறங்கியவளுக்குச் சாப்பாடு மட்டும் போதாது.

நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கும் குழந்தை என்றால் பேச்சு வேறு, அதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நான்காம் மாதத்திலிருந்து கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2010இல் சொன்னார்கள். ஐரோப்பியர்கள் சரியான எடையில் பிறந்த எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்கிறார்கள்.

மூன்றுபிள்ளைபெற்றவள்

குறைமாதக் குழந்தையைப் பற்றி நான் பேசவே இல்லையே. நன்றாக இருக்கிற குழந்தைக்குத்தான் சொன்னேன்.

சிறியஅணு

நீங்கள் இருவரும் இரும்பு குறைந்ததால்தான் இரத்தம் குறைந்தது என்று வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8. மருந்து. மாதாமாதம் பரிசோதனை, ஏறவே இல்லை. அளவைக் கூட்டினார்கள். அப்போதும் இல்லை. "ஒழுங்கா கொடுக்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள், புட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஊர் மாறி வேறு மருத்துவரிடம் போனபோது அவர் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை, என் கணவரைப் பார்த்தார். "சார், நீங்க ரத்தம் பார்த்திருக்கீங்களா?"

சிவப்பணு ரொம்பச் சிறியது, அதன் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 61. எண்ணிக்கையோ அதிகம். ஃபெர்ரிட்டின் நன்றாக இருக்கிறது. தலசீமியா தன்மை, அதாவது ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரையாக வரும் சிறு குறை, அப்பாவிடமிருந்து வந்தது. நோய் இல்லை, வெறும் தன்மைதான், ஆனால் அவளுக்கு இரும்பு தேவையே இருக்கவில்லை. இதெல்லாம் முதல் பரிசோதனைக் காகிதத்திலேயே அச்சாகியிருந்தது. சரியாக மருந்து கொடுத்தும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் ஏன் என்று கேளுங்கள்.

இரட்டைப்பூட்டு

அப்பா எழுதுகிறேன். குழந்தைக்கு அல்ல, மூத்தவனுக்கு நடந்தது. பிரசவத்துக்குப் பிறகு மனைவிக்குக் கொடுத்த இரும்பு மாத்திரை கட்டில் பக்கத்தில் இருந்தது. மூத்தவனுக்கு இரண்டு வயது, 12 கிலோ. அறைக்குள் போனால் பல்லெல்லாம் சிவப்பு, தரையில் காலி அட்டை. சிவப்புப் பூச்சு இனிப்பாக இருக்கும் போல.

ஒரு முறை வாந்தி எடுத்தான், அப்புறம் விளையாட ஆரம்பித்துவிட்டான். அம்மா, "அதான் சரியாயிட்டானே, எதுக்குடா ஓடற?" என்றார். நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரும்பு விஷத்தில் இப்படித்தான், நடுவில் சில மணி நேரம் நன்றாக இருப்பது போலத் தெரியும், பிறகுதான் விழும். கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 60 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரை 12 போனால் அவன் எடைக்கு அந்த எல்லை. எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் மாத்திரைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. மருத்துவர் பேனாவின் பின்பக்கத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார், நான் கூடவே எண்ணினேன். எல்லையைத் தொடவில்லை. குடலைக் கழுவி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது சொட்டு மருந்துகூடப் பூட்டுக்குள்தான் இருக்கிறது. ராத்திரி சாவி தேடுகிறேன், மனைவி திட்டுகிறாள், இருக்கட்டும்.

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் இன்னும் இரண்டு மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார், சேமிப்பு நிறைய வேண்டுமாம். இப்போது பிரச்சினை வேறு: அவள் மருந்தைத் துப்புகிறாள். சட்டையெல்லாம் கறை. மலமும் கறுப்பாகப் போகிறது, மாமியார் தினமும் டயப்பரைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.

வாசல்படி

கறுப்பு மருந்தால்தான், மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். கன்னத்துக்கு உட்புறம், பின்னால் தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், நாக்கில் பட்டால் துப்பத்தான் செய்வார்கள். பல்லிலும் கறை படியாது. பால் கொடுத்தவுடன் வேண்டாம், இரண்டு பாலுக்கு நடுவில் கொடுங்கள். சட்டைக் கறை போகாது, அந்த நேரத்துக்கென்று பழைய சட்டை ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.