ரெண்டு பேருக்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியவில்லை, யாரை வெளியேற்றுவது?

கேள்வி:
விண்டோஸ் சர்வர் 2019. ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் ரோல் (இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் நுழைய விடும் கூடுதல் அம்சம்) போடவில்லை. ஐந்து அட்மின்கள், ஆளுக்கொரு கணக்கு. மூன்றாவது ஆள் வந்தால், உள்ளே இருப்பவரில் ஒருவரை டிஸ்கனெக்ட் செய்யச் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் நின்றுவிடுமா? டிஸ்கனெக்ட் ஆன பழைய செஷன்கள் வேறு ரேமைத் தின்கின்றன.

பதில் 1:
டிஸ்கனெக்ட் வேறு, லாக்ஆஃப் வேறு. டிஸ்கனெக்ட் ஆனால் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். திரை மட்டும்தான் போகும். லாக்ஆஃப் ஆனால் சேமிக்காத வேலையோடு எல்லாம் போய்விடும். ஆகவே அந்தத் திரையில் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். எதிராளிக்கு 30 விநாடி அவகாசம் உண்டு, அதற்குள் மறுக்காவிட்டால் இடம் உங்களுக்கு.

ரேமை விடுவிக்க, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் 'குயூசர்' (quser) அடியுங்கள், செஷன்களின் பட்டியல் வரும். ஐடில் டைமில் (சும்மா இருந்த நேரம்) 2+03:15 என்றிருந்தால் 2 நாள், 3 மணி, 15 நிமிடம். உரியவரிடம் கேட்டுவிட்டு 'லாக்ஆஃப்' (logoff) என்று அடித்து, இடைவெளி விட்டு அந்தப் பட்டியலில் உள்ள ஐடி எண். அந்த எண்ணை அடிக்கும் முன் மறுபடி பாருங்கள், பழைய எண் இப்போது வேறொருவருடையதாக இருக்கலாம்.

பதில் 2:
குயூசர் பட்டியலைப் படித்து லாக்ஆஃப் செய்வதை ஸ்கிரிப்டாக்கினால் ஒரு பொறி: டிஸ்கனெக்ட் ஆன வரிசையில் செஷன் பெயர் காலியாக இருக்கும். இடைவெளியை வைத்துப் பிரித்தால் ஐடி ஒரு நெடுவரிசை இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

கையால் விரட்டுவதைவிட குரூப் பாலிசி (விண்டோஸின் அமைப்பு விதிகள்) மேல். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட்டுக்குக் கீழே 'செஷன் டைம் லிமிட்ஸ்'. ஐடில் செஷன் 30 நிமிடத்தில் டிஸ்கனெக்ட் ஆகும்படியும், டிஸ்கனெக்ட் ஆனது 1 நாளில் முடியும்படியும் வையுங்கள். 'டைம் லிமிட் முடிந்தால் செஷனை முடி' என்பதை மட்டும் இயக்காதீர்கள். ஐடில் என்றால் கீபோர்டு, மவுஸ் அசையாத நேரம். பின்னால் ஓடும் வேலை கணக்கில் வராது. அதை இயக்கினால் அரை மணி நேரத்தில் ஸ்கிரிப்டோடு செஷனும் காலி.

கேட்டவர்:
ஒரு நாளைத் தாண்டி ஓடும் வேலை இருந்தால்?

பதில் 2:
அது செஷனிலேயே இருக்கக் கூடாது. டாஸ்க் ஷெட்யூலரில், பயனர் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும்படி வையுங்கள். மேப் செய்த டிரைவ் எழுத்துகள் அங்கே கிடைக்காது, ஷேரின் முழுப் பாதையைக் கொடுங்கள்.

பதில் 3:
ஒரே நேரத்தில் மூவர் கட்டாயம் வேண்டுமென்றால் ரோலைப் போட்டு கிளையன்ட் லைசென்ஸ் வாங்குவதுதான் வழி. ரோல் போட்டபின் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டச் சலுகைக் காலம் 120 நாள். இரண்டு பேர் வரம்பை நீக்க விண்டோஸின் டிஎல்எல் கோப்பைத் திருத்தும் குறுக்குவழி லைசென்ஸ் மீறல், அடுத்த அப்டேட்டில் உடைந்தும் போகும்.